கேளுங்க சார்வாள்: பக்கம் முழுக்க மஞ்சள்

கடிதங்களைத் திண்ணையில் கொட்டிப் பிரித்து அடுக்கும்போதுதான் கவனித்தேன், இந்தத் தடவை பாதிக்கு மேல் ஒரே கேள்வி. எழுதினவர் வேறு, ஊர் வேறு, சங்கதி ஒன்றுதான்: பிள்ளைக்கு எது முக்கியம், எது சும்மா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பரீட்சை நெருங்குவதாலோ என்னவோ. சரி, இந்த மாசம் இதையே பேசித் தீர்த்துவிடுவோம். மாமியார் சண்டையும் வீட்டு வாடகையும் எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் எட்டாம் வகுப்பு. முக்கியமானதுக்கு மட்டும் கோடு போட்டுப் படி என்று சொல்லி ஹைலைட்டர் வாங்கிக் கொடுத்தேன். பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கி வைத்திருக்கிறான். கேட்டால், "எல்லாமே முக்கியம்தானம்மா" என்கிறான். இவனை எப்படித் திருத்துவது சார்வாள்?
*ஒரு தாய், விக்கிரமசிங்கபுரம்*

அம்மா, பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே எல்லாம் முக்கியமாகத்தான் தெரிகிறது. கையில் லிஸ்ட் இல்லாமல் பலசரக்குக் கடைக்குப் போனால் நமக்கும் அப்படித்தானே, எதைப் பார்த்தாலும் வாங்கணும் போலத்தான் இருக்கும்.

சாயங்காலம் என் வீட்டு மாடிக்குப் படிக்க வருகிற பிள்ளைகளில் ஒருத்தன் உங்கள் மகனைப் போலத்தான். வ.உ.சி. பாடம். 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார் என்பதில் ஆரம்பித்து, 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடியது, 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், அந்த வருஷம் மார்ச் 12ஆம் தேதி கைது, மறுநாள் திருநெல்வேலியே பற்றி எரிந்தது, 40 வருஷத் தண்டனை, சிறையில் செக்கு என்று முழுவதற்கும் பச்சைக் கலர் அடித்திருந்தான். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, என்னலே ஞாபகம் இருக்கு என்று கேட்டேன். "செக்கிழுத்தார் சார்வாள்." அப்புறம்? "வெள்ளைக்காரன் கப்பல்ல ஏறுனா குடை சும்மா குடுத்தாம்லா." அது பாடத்திலேயே இல்லை, நான் முந்தின நாள் பேச்சுவாக்கில் சொன்னது. எதற்காக அவரை ஜெயிலில் போட்டார்கள் என்று கேட்டால் மட்டும் மேலே மின்விசிறியைப் பார்க்கிறான்.

இதற்கு அவன் புத்தியைக் குறை சொல்ல வேண்டாம். செக்கும் குடையும் கண்ணுக்குள் படமாக நிற்கிற சங்கதிகள். "போட்டி", "ஏகபோகம்" என்ற வார்த்தைகளுக்குப் படம் கிடையாது. சுவாரசியமான சில்லறை விஷயம் பாடத்தின் கருவைத் தள்ளிவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்வதை 1980களின் கடைசியிலேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து, மயக்கும் விவரங்கள் என்கிற அர்த்தத்தில் ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அந்தப் பையனிடம் திரும்பப் படி என்று சொல்லவில்லை. ஒரு துண்டுத்தாளில், "இங்கிலீஷ்காரன் கம்பெனிக்கு இவர் கம்பெனி மேல ஏன் அவ்வளவு எரிச்சல்?" என்று எழுதிப் பக்கத்துக்கு மேலே செருகினேன். இப்போது படித்தான். விரல் பிறந்த தேதியைத் தாண்டிப் போயிற்று, ஒட்டப்பிடாரத்தைத் தாண்டிற்று, தூத்துக்குடி, கொழும்பு என்ற வரியில் நின்றது. "அதுவரைக்கும் அந்த லைன்ல அவங்க கப்பல்தான ஓடிச்சு. இவரு போட்டிக்கு விட்டுட்டாரு." அவ்வளவுதான், பாடத்தின் முதுகெலும்பு கைக்கு வந்துவிட்டது. அடுத்த சீட்டில், "இவர் கம்பெனி ஏன் நொடிச்சுப் போச்சு?" என்று எழுதினேன். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விக்குக் குடைதான் முதல் சாட்சி. கட்டணத்தைக் குறைத்து, இனாமாகக் கொடுத்து ஆளை இழுத்தவனிடம், ஊராரிடம் பங்குப் பணம் திரட்டி நடத்துகிற கம்பெனி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? முந்தின கேள்விக்கு ஓரமாகக் கிடந்த குடை இந்தக் கேள்விக்கு நடுவில் வந்துவிட்டது.

அதனால் அம்மா, "முக்கியமானதுக்குக் கோடு போடு" என்பதை இன்றோடு நிறுத்துங்கள். எதற்கு முக்கியம் என்று சொல்லாமல் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது. முதல் தடவை கையில் பேனா இல்லாமல் கதை படிக்கிற மாதிரி படிக்கட்டும். அப்புறம் ஒரு கேள்வியை மேலே எழுதிக்கொண்டு, அதற்குப் பதில் சொல்கிற வரிக்கு மட்டும் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு. கேள்வி மாறினால் கோடும் மாறும், அழித்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் கேள்வியை நீங்கள் எழுதிக் கொடுங்கள், பத்துப் பாடம் போனால் அவனே எழுதுவான். இல்லாவிட்டாலும் கெட்டுப்போகவில்லை, இன்னும் பத்துப் பாடத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

ஹைலைட்டர் நல்லதா, பென்சில் நல்லதா?
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, சேரன்மகாதேவி*

பென்சில். ரப்பர் இருக்கிறதே.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். "பத்தியின் மையக்கருத்தை எழுதுக" என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வரியை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கு என்றால் மூன்று வரிக்கு ஒரு வரி வீதம் எடுத்து எழுதுகிறார்கள், கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது. என்ன பயிற்சி கொடுக்கலாம்?
*ஓர் ஆசிரியை, நாங்குநேரி*

டீச்சர், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் வகுப்பிலும் இதேதான் நடந்தது, அதிலும் பாதிப் பாவம் என்னுடையது. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, "இங்கேயிருந்து இதுவரை, அப்புறம் இந்தப் பாரா, இதை விட்டுரு" என்று வருஷா வருஷம் குறித்துக் கொடுத்தவன் நான். பிள்ளைகள் பாஸ் ஆனார்கள். பொறுக்குகிற வேலையை முப்பது வருஷம் நானே செய்துவிட்டு, பொறுக்கத் தெரியவில்லையே என்று ஸ்டாஃப் ரூமில் அவர்களைத் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

அமெரிக்காவில் பிரவுன், டே என்ற இருவர் 1983இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை எப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள் என்று பார்த்தார்கள். வேண்டாத வரியை அடிப்பது, ஒரே விஷயம் இரண்டு தடவை வந்தால் ஒன்றை அடிப்பது, இவை சின்னப் பிள்ளைகளுக்கே வந்துவிடுகிறது. நாலைந்து பெயர்களுக்குப் பதில் ஒரு பொதுப்பெயர் போடுவது அதைவிடக் கஷ்டம். பத்தியில் எழுதாமலே இருக்கிற மையக்கருத்தைத் தானாக ஒரு வாக்கியமாக்குவதுதான் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. ஆக உங்கள் ஏழாம் வகுப்பு சோம்பேறி வகுப்பு கிடையாது, படியில் பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

படி ஏற்றுவதற்கு நான் கண்ட நல்ல சாதனம் கல்யாணப் பத்திரிகை. உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சம் இருக்காது, பீரோ மேலே பத்தாவது கிடக்கும். வகுப்பை நாலு கூட்டமாகப் பிரித்து எல்லாருக்கும் ஒரே பத்திரிகையைக் கொடுங்கள். ஒரு கூட்டம் வேன் டிரைவர், ஒரு கூட்டம் சமையல்காரர், ஒரு கூட்டம் சென்னையிலிருந்து வருகிற சித்தி, நாலாவது கூட்டம் தாய்மாமன். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் எடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்று பாருங்கள்.

டிரைவர் கூட்டம் நேராக மண்டபத்தின் பெயருக்குப் போகும், பெட்ரோல் பங்க் எதிரிலா, ரயில்வே கேட் தாண்டியா என்று தேடும். சித்தி கூட்டம் தேதியையும், முகூர்த்தம் ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் என்பதையும் பிடித்துக்கொண்டு, அப்படியானால் முந்தின நாள் ராத்திரியே ரயிலேறணும் என்று தானாகவே கணக்குப் போடும். மாமன் கூட்டம் இருக்கிறதே, அவர்களுக்குத் தேதியும் வேண்டாம், நேரமும் வேண்டாம், தன் பெயர் போட்டிருக்கிறதா, பெரியப்பா பெயருக்கு மேலேயா கீழேயா என்பதுதான் முக்கியம். டிரைவருக்குக் குப்பையாகத் தெரிகிற அந்தப் பெயர்ப் பட்டியலில்தான் நம் பக்கத்தில் பாதிக் கல்யாணச் சண்டை ஆரம்பிக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரியும், சிரிப்பார்கள்.

சமையல்காரர் கூட்டத்தில் என் மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்னப் பெண், அதிகம் வாயே திறக்காதவள், பத்திரிகையை முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன பேருக்குச் சமைக்கணும்னு இதுல போடவே இல்லியே சார்வாள்" என்றாள். அன்றைக்கு அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. இருப்பதில் முக்கியமானதைப் பொறுக்குகிறவன் ஒரு படி என்றால், முக்கியமான ஒன்று இல்லவே இல்லை என்று கண்டுபிடிக்கிறவள் நாலு படி மேலே.

இது பழகின பிறகு பாடத்துக்கு வாருங்கள். தாமிரபரணிப் பத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: பொதிகையில் பிறக்கிறது, கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், கார், பிசானம் என்று இரண்டு சாகுபடி, ஊர் ஊராகக் குடிநீர்த் திட்டம், புன்னைக்காயல் பக்கம் கடல். இதில் எந்த வரியும் மையக்கருத்து கிடையாது. முதல் வரியைக் காப்பி அடித்தால் "பொதிகையில் பிறக்கிறது" என்று மாட்டிக்கொள்வான். "இதை ஆச்சிக்கு போனில் சொல்லணும், காசு தீர்ந்துகொண்டிருக்கிறது, ஒரே வாக்கியம்" என்று சொல்லுங்கள். எழுதச் சொல்ல வேண்டாம், வாயால் சொல்லட்டும். எட்டு அணைக்கட்டின் பெயரையும் ஆச்சியிடம் எவனும் ஒப்பிக்க மாட்டான். "இந்த ஆறு இல்லன்னா நமக்கு வயலும் இல்ல, குடிதண்ணியும் இல்ல ஆச்சி" என்று ஒருத்தனாவது சொல்வான். அதைக் கரும்பலகையில் எழுதுங்கள், மேலே தலைப்பாக "மையக்கருத்து" என்று போடுங்கள், அந்தச் சொல்லுக்கு அன்றைக்குத்தான் அவர்களுக்கு அர்த்தம் புரியும்.

இன்னொரு வார்த்தை. இதை மார்க் போடாமல் ஒரு மாசம் செய்து பாருங்கள், மார்க் என்றதும் மறுபடியும் முதல் வரிக்கு ஓடிவிடுவார்கள்.

குரூப் 4க்குப் படிக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகங்கள், இரண்டு கோச்சிங் சென்டர் மெட்டீரியல், டெலிகிராமில் வந்த பிடிஎஃப் வேறு. எதைப் படிப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், மண்டையில் நிற்கவில்லை.
*ஒரு வாசகர், சுரண்டை*

தம்பி, முதலில் அந்த பிடிஎஃப்களை ஒரு மூலையில் போடுங்கள். சேர்த்து வைப்பதே படிப்பதுபோல ஒரு திருப்தி கொடுக்கும், அது கோட்டித்தனம்.

மற்ற வாசகர்களுக்குச் சொன்னதுபோல் "உங்களுக்கு எது தேவை என்று யோசியுங்கள்" என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். இங்கே கேள்வி கேட்கிறவர் வேறு ஆள், எது முக்கியம் என்று அவர்தான் முடிவு செய்கிறார், அவர் மனசை அறிய ஒரே வழி அவர் ஏற்கெனவே கேட்டதைப் பார்ப்பது. 200 கேள்வி, அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் அறிவுக்கூர்மையும். முந்தைய வினாத்தாள்களில் அஞ்சாறு எடுத்துக்கொண்டு, ஒரு பாடத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பாடத்துக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். தப்பாகத்தான் வரும், வரட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் கண் தானாக எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும். கட்டபொம்மன் பாடத்தில் 1799, அக்டோபர் 16, கயத்தாறு என்பதை எப்படிக் கேட்பார்கள், ஆண்டாகவா, இடமாகவா, காலவரிசைப்படுத்து என்றா, இதைத் தெரிந்துகொண்டு படிக்கிறவனும் தெரியாமல் படிக்கிறவனும் ஒரே பக்கத்தைப் படிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 2013இல் டன்லாஸ்கியும் வேறு நாலு உளவியல்காரர்களும் மாணவர்கள் கையாளுகிற பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் வைத்து எடைபோட்டார்கள். மறுவாசிப்பும் கோடு போடுவதும் கீழ் வரிசைக்குப் போய்விட்டன. புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டு விட்டுப் படிப்பதும் மேலே நின்றன. சுருக்கி எழுதுவதும் அப்படியொன்றும் உசத்தியான இடம் வாங்கவில்லை, அதற்குப் பழக்கம் வேண்டும் என்பதுதான் காரணம், பழகாதவன் சுருக்கினால் பாலை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்வான்.

பழைய மெட்டீரியல் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் சுரண்டை திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதியிருந்தால் அது 2019 நவம்பருக்கு முந்தின தாள். தென்காசி தனி மாவட்டமானது அப்போதுதான். சொந்த ஊரை வைத்தே சரக்கின் வயசைக் கண்டுபிடித்துவிடலாம்.

என் மகள் கணக்கில் கூட்டல், பெருக்கல் எல்லாம் வேகமாகப் போடுகிறாள். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் அதில் உள்ள எல்லா எண்ணையும் போட்டுக் கலக்கிவிடுகிறாள்.
*ஒரு தகப்பனார், திசையன்விளை*

அண்ணாச்சி, உங்கள் மகளுக்குத் துணையாகப் பிரான்சு தேசமே இருக்கிறது. 1979 வாக்கில் கிரெனோபிள் நகரத்தில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவருக்கு வயசு என்ன? பெரும்பாலான பிள்ளைகள் அலட்டிக்கொள்ளாமல் 36 என்று எழுதிவிட்டார்கள். எண் கொடுத்தால் எல்லாவற்றையும் பயன்படுத்தித்தான் தீர வேண்டும் என்று பள்ளிக்கூடம் பழக்கிவைத்திருக்கிறது, பாடப்புத்தகக் கணக்கில் வேண்டாத எண்ணே வராதல்லவா.

வீட்டில் வேண்டாத எண்ணைப் போட்டுக் கணக்குச் சொல்லுங்கள். "காலையில ஏழு மணிக்கு 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சந்தைக்கு 12 தார் வாழை கொண்டுபோனேன், ஒரு தார் 350 ரூபாய்னு 9 தார் வித்துச்சு, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன், கையில எவ்வளவு?" பதில் கேட்காதீர்கள். இதில் எந்த எண் சோலி பார்க்கிறது, எது சும்மா நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஏழும் நாற்பதும் போய்விடும். பன்னிரண்டு போகுமா? கையிலுள்ள ரூபாய்க்கு வேண்டாம், திரும்பி வந்தது எத்தனை தார் என்று கேட்டால் வேண்டும். இந்த இடத்தில் அவள் உங்களோடு சண்டை போட்டால் நல்ல அறிகுறி. அப்புறம் வேன் வாடகையைச் சொல்லாமல் விட்டுவிட்டு லாபம் எவ்வளவு என்று கேளுங்கள், "சொல்லலியேப்பா" என்று வருகிறதா பாருங்கள்.

இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் சுருக்கம், பாயிண்ட். நாங்களெல்லாம் முழுசாக மனப்பாடம் செய்தோம், இன்றைக்கும் மறக்கவில்லை. முக்கியமானதை மட்டும் படி என்று சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளைக் கெடுப்பது ஆகாதா?
*ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கல்லிடைக்குறிச்சி*

அண்ணாச்சி, உங்களோடு எனக்குப் பாதிச் சண்டைதான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. அன்றைக்கு என் போனுக்கு வந்த செய்திகளை எண்ணிப் பார்க்கவில்லை. அணையின் மட்டம் இத்தனை அடி, திறந்துவிட்டது இத்தனை கன அடி, எந்த ஊரில் எவ்வளவு மில்லிமீட்டர், நடுவில் யாரோ அனுப்பின பழைய வீடியோ. நான் படித்தவன், ஒன்று விடாமல் வாசித்தேன், வாசித்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆச்சி இருக்கிறாள், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. என்னிடம் வந்து, "எய்யா, அந்தக் கன அடிய விடு, தொண்ணூத்திரண்டு வெள்ளத்தவிட இது கூடவா கொறச்சலா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டாள். 1992இல் தண்ணீர் எந்த வீட்டுப் படிவரை வந்தது என்று அவளுக்குத் தெரியும். கூடத்தான் போல என்று சொன்னதும், ஆட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போய்விட்டாள். அப்புறம்தான் நாங்கள் கிளம்பினோம்.

அந்த ஆச்சி முக்கியமானதை எப்படிப் பிடித்தாள்? 92 அவள் மனசில் முழுசாக இருந்தது. அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி, மண்டைக்குள் ஒன்றுமே இல்லாதவனால் எதையும் பொறுக்க முடியாது, கன அடி என்றால் என்னவென்றே தெரியாதவனுக்கு எந்த எண்ணும் ஒன்றுதான். பிள்ளைகள் நாலு பாட்டு, பத்து ஆண்டு, வாய்ப்பாடு எல்லாம் மனப்பாடம் செய்யட்டும். ஆனால் அண்ணாச்சி, முப்பது வருஷம் கடிதம் பிரித்தவர் நீங்கள். உறையில் எழுதியிருப்பதையெல்லாம் மேலிருந்து கீழே வாசித்துவிட்டா பைக்குள் போட்டீர்கள்? கண் நேராகப் பின்கோடுக்குத்தானே போகும்?

வகுப்பில் ஆசிரியர் வேகமாகப் பேசுகிறார். எல்லாவற்றையும் எழுத முடியவில்லை. எதை எழுதுவது?
*பத்தாம் வகுப்பு மாணவி, வள்ளியூர்*

எல்லாவற்றையும் எழுத முயல்வதை விடு தாயி, அப்படி எழுதினால் கைதான் கேட்கும், காது கேட்காது. பேசுகிறவர் தானாகவே காட்டிக்கொடுப்பார். போர்டு பக்கம் திரும்புகிறாரா, சொன்னதையே வேறு மாதிரி இன்னொரு தடவை சொல்கிறாரா, குரல் மெதுவாகிறதா, அது சரக்கு. "அதனால", "ஆனா", "இதுக்குக் காரணம்" என்ற மூன்றுக்கும் பிறகு வருவதை விடாதே. "எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்தால் பேனாவை வைத்துவிட்டு ரசி, எதற்காக அந்தக் கதையைச் சொன்னார் என்று மட்டும் கடைசியில் ஒரு வரி.

நோட்டில் இடப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்குக் கோடு போட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டுவை. அன்று ராத்திரியே எழுதியதைப் படித்து, ஒவ்வொரு துண்டும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று யோசித்து அந்தக் கேள்வியை இடப்பக்கம் எழுது. பரீட்சை சமயத்தில் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லிப் பார்க்கலாம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் 1950களில் சொல்லிக்கொடுத்த முறை இது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் நோட்டில் வெறும் கோடுதான் மிஞ்சும்.

இதெல்லாம் எதற்கு சார்? பாடத்தை போட்டோ எடுத்து ஏஐ ஆப்பில் போட்டால் பத்தே வரியில் சுருக்கித் தருகிறதே!
*பிளஸ் டூ மாணவன், பாளையங்கோட்டை*

தருகிறது, நானும் உபயோகிக்கிறேன். அதனால் பட்டதையும் சொல்கிறேன்.

பேத்தி படிக்கிற பள்ளியிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குச் சுற்றுலா. மூன்று பக்கத்துக்குச் சுற்றறிக்கை. கண்ணாடி கையில் இல்லை, போட்டோ எடுத்து, சுருக்கிக் கொடு என்று போட்டேன். அழகான தமிழில் கொடுத்தது: சரணாலயம் எங்கே இருக்கிறது, பூநாரை, செங்கால் நாரை, கூழைக்கடா, பறவைகளை ஊர் ஜனங்கள் எப்படிப் பாதுகாக்கிறார்கள், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவரவும். எல்லாம் சரி. மூன்றாவது பக்கத்துக் கடைசியில், திரும்பும்போது பள்ளி வேன் வீட்டுக்கு வராது, ஆறரை மணிக்குப் பெற்றோரே பள்ளி வாசலுக்கு வந்து அழைத்துப் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி பத்து வரிக்குள் வரவில்லை. ஏழேகால் மணிக்கு போன் வந்தது.

மறுநாள் அதே போட்டோவைத் திரும்பப் போட்டு, "நான் தாத்தா, இதில் நான் செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்டேன். ஆறரை மணி முதல் வரியில் வந்தது. கருவியிலும் கோளாறு உண்டு, ஆனால் அன்றைக்கு மட்டமாகக் கேட்டது நான்தான்.

உனக்குச் சொல்வது இதுதான். ஆப்பில் போடுவதற்கு முன்னால் உன் நாலு வரியை நீயே எழுதிவிடு. அப்புறம் அதன் பத்து வரியோடு வைத்துப் பார். நீ விட்டதை அது எடுத்திருந்தால் ஏன் எடுத்தது, நீ எடுத்ததை அது விட்டிருந்தால் யார் சொல்வது சரி என்று பாடத்தைத் திறந்து பார்த்து ஒரு முடிவுக்கு வா. சில நாள் அது ஜெயிக்கும், சில நாள் நீ. மூன்று பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை நானே வாசிப்பது என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறாள் பேத்தி, சுற்றறிக்கை வந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுகிறாள்.